தினசரி தூரப் பயணத்துக்குக் கட்டுப்படியாகும் ரோடு சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கோ கல்லூரிக்கோ தினமும் ஒருவழியே 15, 20, 25 கிலோமீட்டர் சைக்கிளில் போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பந்தயத்துக்கு வாங்குபவர்களுக்கு இந்தப் பதில்கள் பொருந்தாது. சில இடங்களில் நேர் எதிராகவே இருக்கும். என் கணக்கு இதுதான்: டயர், செயின், சீட், கியர் எல்லாவற்றையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். பிரேமின் அளவையும், அதில் டயருக்கு விட்டிருக்கும் இடைவெளியையும், கேரியர் மாட்டும் துளைகளையும் மாற்ற முடியாது. கையில் இருக்கும் பணம் குறைவென்றால் மாற்ற முடியாதவற்றில் கறாராக இருங்கள். மற்றதில் விட்டுக்கொடுக்கலாம்.

எவ்வளவு தூரத்துக்கு மேல் ரோடு சைக்கிள் தேவைப்படும்?

ஏழெட்டு கிலோமீட்டர் வரை நன்றாக ஓடுகிற எந்தச் சைக்கிளும் போதும். ஒருவழி 12 கிலோமீட்டரைத் தாண்டும்போதுதான் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். சமதரையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் உங்களை இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் காற்றுதான். காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தோடு சேர்ந்து சீராக ஏறுவதில்லை, வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. 20-ஐ 25 ஆக்க, காற்றுக்கு மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சக்தி வேண்டும். அதனால் கால் பலத்தைக் கூட்டுவதைவிட உடம்பைக் கொஞ்சம் தாழ்த்துவது லாபம். ரோடு சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாருக்கு வேலையே அதுதான்.

நேரக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 20 கிலோமீட்டரை மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 67 நிமிடம் ஆகும். 22 கிலோமீட்டர் வேகத்தில் 55 நிமிடம். போக வரச் சேர்த்து ஒரு நாளைக்கு இருபத்துச் சொச்ச நிமிடம் மிச்சம். வாரத்தில் ஐந்து நாள் போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

நேர் ஹேண்டில்பார் வைத்த ஹைபிரிட் சைக்கிள் போதாதா? விலையும் குறைவாக இருக்கிறதே.

பலருக்குப் போதும். நெரிசலான தெருக்களும் அடிக்கடி நின்று கிளம்புவதும்தான் உங்கள் வழி என்றால் ஹைபிரிட்டே வசதி. பிரேக் எப்போதும் விரலுக்கு அடியில் இருக்கும், தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்க்கலாம். ஆனால் ஒரு மணி நேரம் ஒரே பிடியில் கை இருந்தால் மணிக்கட்டு வலிக்கும், சுண்டுவிரல் மரத்துப்போகும். வளைந்த ஹேண்டிலில் மேலே, பிரேக் லீவரின் மேல், கீழ் வளைவில் என்று மூன்று இடத்தில் கையை மாற்றி வைக்கலாம். எதிர்காற்று அடிக்கும் நாளில் கீழ் வளைவைப் பிடித்துக் குனிந்துகொள்ளலாம். தூரம் போகிறவர்களுக்கு இது வேகத்தைவிடப் பெரிய வசதி என்பேன்.

முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ஸ்பிரிங் வைத்த ஹைபிரிட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். குறைந்த விலையில் வரும் சஸ்பென்ஷன் ஃபோர்க் எடையைக் கூட்டும், சில மாதங்களில் ஆட்டம் கொடுக்கும், நின்று மிதித்தால் உங்கள் பலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதே பணத்துக்கு ஸ்பிரிங் இல்லாத நல்ல ஃபோர்க்கும் அகலமான டயரும் எங்கோ நல்லது.

ரோடு சைக்கிளிலேயே பல வகை சொல்கிறார்கள். எதைப் பார்ப்பது?

பந்தய வகை நம் கணக்கில் வராது. ஹேண்டில் தாழ்வாக, டயர் ஒல்லியாக, கேரியர் துளை இல்லாமல் இருக்கும். என்டூரன்ஸ் என்று விற்பதில் ஹேண்டில் கொஞ்சம் உயரம், சக்கரங்களுக்கு இடையே நீளம் கொஞ்சம் அதிகம், டயருக்கு இடமும் அதிகம். தினசரிப் பயணத்துக்கு முதலில் இதைப் பாருங்கள். கிராவல் வகையில் 40 மில்லிமீட்டர் டயர்கூடப் போகும். வழியில் கொஞ்சமாவது மண் பாதையோ உடைந்த தாரோ இருந்தால் அதை எடுத்து வழுவழுப்பான டயர் மாட்டிக்கொள்ளலாம். டூரிங் வகை சுமைக்கு அருமையானது, கனமானது, குறைந்த விலையில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

வகையின் பெயரை நம்பி வாங்கவும் வேண்டாம். ஒரு கம்பெனியின் என்டூரன்ஸ் இன்னொன்றின் பந்தய வகை மாதிரி இருக்கும். துளையையும் இடைவெளியையும் நேரில் பாருங்கள்.

எடை எவ்வளவு முக்கியம்?

விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. பத்து கிலோ சைக்கிளுக்கும் பன்னிரண்டு கிலோ சைக்கிளுக்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணாகவே பார்ப்போம். கூடுதலான 2 கிலோவை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற ஏறத்தாழ 1,960 ஜூல் ஆற்றல் வேண்டும். சராசரி ஆள் 150 வாட் சக்தியில் மிதிக்கிறார் என்று வைத்தால் அது 13 நொடி. பெரிய மேம்பாலம் பத்தைச் சேர்த்து அடுக்கினால்தான் 100 மீட்டர் உயரமே வரும். சமதரையில் அந்த 2 கிலோ கிளம்பும்போது தெரியும், ஓடத் தொடங்கியதும் தெரியாது. ஒரு சிவப்பு சிக்னல் இதைவிட அதிக நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

மாடிப்படியில் தினமும் தூக்கிக்கொண்டு போக வேண்டியவர்களுக்கு மட்டும் எடை வேறு கதை. அவர்கள் கடையில் ஒருமுறை தோளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

பிரேம் அலுமினியமா, ஸ்டீலா, கார்பனா?

குறைந்த விலைக்கு அலுமினியம். துருப்பிடிக்காது, கனமில்லை, எங்கும் கிடைக்கும். கடினமாக இருக்கும், குலுக்கல் உடம்புக்கு ஏறும் என்று ஒரு பேச்சு உண்டு. பழைய ஒல்லி டயர் காலத்தில் அது ஓரளவு உண்மை. இன்றைக்கு 32 மில்லிமீட்டர் டயர் போட்டால், பிரேம் என்ன உலோகம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது கஷ்டம். முன் ஃபோர்க் மட்டும் கார்பனாக இருந்தால் கையில் அதிர்வு குறையும், கொஞ்சம் எடையும் குறையும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டீலில் குரோமோலி என்ற கலப்பு எஃகு நல்லது. வளைந்தால் நிமிர்த்தலாம், உடைந்தால் வெல்டிங் வைக்கலாம். 'ஹை-டென்சைல்' என்று மட்டும் எழுதியிருந்தால் கனமான சாதா எஃகு என்று பொருள். அதுவும் வருஷக்கணக்கில் உழைக்கும், ஆனால் தூக்கிப் பார்த்தால் தெரியும். கார்பன் பிரேமை இந்தப் பட்ஜெட்டில் புதிதாகத் தேட வேண்டாம். ஸ்டாண்டில் பத்து சைக்கிளோடு இடித்துக்கொண்டு நிற்கப்போகும் வண்டிக்கு அது சரிப்படாது.

டயர் எத்தனை அகலம் வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

டயரின் பக்கவாட்டில் 28-622 அல்லது 32-622 என்று அச்சிட்டிருக்கும். முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண் டயர் ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம். 700சி என்று சொல்லப்படும் ரோடு சக்கரங்கள் எல்லாமே 622தான். டயர் வாங்கும்போது இந்த எண்ணைச் சொல்லி வாங்கினால் மாற்றிக் கொடுத்துவிடும் குழப்பம் வராது.

ஒல்லி டயர்தான் வேகம் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. வழுவழுப்பான இரும்பு உருளையில் வைத்துச் சோதித்தால் காற்று இறுக்கமான டயர் ஜெயிக்கும். நிஜச் சாலையில் அப்படி இல்லை. கல்லென்று இறுகிய டயர் ஒவ்வொரு சிறு மேட்டிலும் உங்களையும் சைக்கிளையும் சேர்த்து மேலே தூக்கிப் போடுகிறது, அதற்கான ஆற்றல் உங்கள் காலிலிருந்துதான் போகிறது. அகலமான டயரில் காற்றைக் குறைத்து ஓட்டினால் டயர் மேட்டின் மேல் நசுங்கிக் கடந்துவிடும். தினசரிப் பயணத்துக்கு 28 குறைந்தபட்சம், 32 நல்லது. சாலை மோசமென்றால் 35.

அப்படியானால் சைக்கிளில் 32 நுழையுமா என்று கேட்க வேண்டும். கேட்டால் மட்டும் போதாது. டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே, டயருக்கும் பின்பக்கக் குழாய்களுக்கும் நடுவே இடைவெளியைப் பாருங்கள். டயரின் இரு பக்கமும் 4 மில்லிமீட்டராவது காலி வேண்டும். மட்கார்ட் போடுவதாக இருந்தால் மேலே இன்னும் அதிகம் வேண்டும். '32 வரை போகும்' என்று சொல்லும் பிரேமில் மட்கார்டோடு பெரும்பாலும் 28தான் போகும். மழைக்காலத்தில் ஓட்டுகிறவர்கள் இதை வாங்கும் அன்றே யோசிக்க வேண்டும்.

காற்று எவ்வளவு என்பது உங்கள் எடையைப் பொறுத்தது. ஆளும் பையும் சேர்த்து 75 கிலோ என்றால் 28-க்கு 70 பிஎஸ்ஐ (பம்ப் மீட்டரில் காட்டும் காற்றழுத்த அளவு) பக்கமும் 32-க்கு 55 முதல் 60 வரையும் வைத்துத் தொடங்கிப் பாருங்கள். பின் டயரில் கொஞ்சம் அதிகம், முன்னால் கொஞ்சம் குறைவு. டயரில் அச்சிட்ட உச்ச வரம்பைத் தாண்டக் கூடாது. அந்த வரம்பு வரை அடித்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பது அளவே அல்ல. மீட்டர் வைத்த பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும், வாரம் ஒருமுறை பாருங்கள். டியூபின் ரப்பர் வழியாகவே காற்று மெதுவாகக் கசியும், பஞ்சர் ஆகாவிட்டாலும்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம் அல்லவா? கேரியர் எதற்கு?

பத்து நாள் மாட்டிப் பாருங்கள். முதுகு நனையும், பிறகு தோள் வலிக்கும், லேப்டாப் இருந்தால் குனிந்தபடி கழுத்தைத் தூக்கி முன்னால் பார்ப்பதே பாடாக இருக்கும். எடையைச் சைக்கிள் சுமக்கட்டும்.

பின் சக்கர அச்சுக்குப் பக்கத்திலும் சீட்டுக்குக் கீழே குழாயிலும் மறை வெட்டிய சின்னத் துளைகள் இருக்க வேண்டும், 5 மில்லிமீட்டர் போல்ட் போகும். அச்சருகே இரண்டு ஜோடி இருந்தால் ஒன்றில் கேரியர், ஒன்றில் மட்கார்ட். துளை இல்லாத பிரேமுக்கு கிளாம்ப் போட்டு மாட்டுகிற கேரியரும் உண்டு, ஆனால் தினமும் ஏழெட்டு கிலோ ஏற்றினால் அது நகர்ந்துகொண்டே இருக்கும்.

இன்னும் இரண்டு இடத்தைச் சோதியுங்கள். கேரியரில் பக்கப் பை தொங்கும்போது மிதிக்கும் குதிகால் அதில் இடிக்கக் கூடாது. பெடல் நடு அச்சிலிருந்து பின் அச்சுவரை 430 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் இடிக்காது; பெரிய பாதம் உள்ளவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். இரண்டாவது, முன் கால். சின்ன அளவு பிரேம்களில் பெடல் முன்னால் இருக்கும் நேரத்தில் ஹேண்டிலைத் திருப்பினால் ஷூ நுனி முன் சக்கரத்தில் உரசும். வேகமாக ஓட்டும்போது ஹேண்டிலை அவ்வளவு திருப்ப மாட்டோம், ஆனால் நெரிசலில் ஊர்ந்து யூ-டர்ன் அடிக்கும்போது இடித்தால் விழுவீர்கள். மட்கார்ட் போட்டால் இந்த உரசல் இன்னும் கூடும்.

கியர் எத்தனை வேண்டும்? கிளாரிஸ், சோரா, டியாக்ரா என்கிறார்களே?

ஷிமானோவின் ரோடு கியர் வரிசையில் கிளாரிஸ் பின்னால் 8 பல்சக்கரம், சோரா 9, டியாக்ரா 10. மேலே போகப்போக இடைவெளி நெருக்கமாகும், எடை குறையும், உதிரி பாகத்தின் விலை ஏறும். தினசரிப் பயணத்துக்குக் கிளாரிஸே தாராளம். எண்ணிக்கையைவிட எல்லைகள்தான் முக்கியம், அதிலும் கீழ் எல்லை. முன் பல்சக்கரங்களில் 50, 34 பற்கள், பின்னால் 11 முதல் 32 பற்கள் வரை என்றால் ஏறக்குறைய எல்லா ஏற்றத்துக்கும் சரி. 34-க்கு 32 போட்டால் பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் 2.3 மீட்டர்தான் நகரும். மணிக்கு 8 கிலோமீட்டரில்கூட நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்துக்கொண்டு மேலே போகலாம். முழங்காலுக்கு அதுதான் நல்லது. பெரிய கியரில் திணறி மிதிப்பவர்கள் ஒரு வருஷத்தில் மூட்டு மருத்துவரைப் பார்க்கிறார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் பழக்கம் நல்லதல்ல.

இதற்கும் கீழே 7 கியர் வைத்த மலிவு ரோடு சைக்கிள்கள் உண்டு. இரண்டு விஷயம் கவனியுங்கள். சிலவற்றில் கியரை ஒரு திசையில் மாற்றப் பிரேக் லீவரின் உட்புறம் கட்டை விரல் பட்டன் இருக்கும்; கீழ் வளைவைப் பிடித்திருக்கும்போது அது எட்டாது. அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. பெரிய விஷயம் பின் ஹப், அதாவது பின் சக்கரத்தின் நடுக்கூடு. பின் பல்சக்கரத் தொகுதியை மறை போட்டு மாட்டும் பழைய பாணி ஃப்ரீவீலில் அச்சின் பேரிங் உள்ளே தள்ளி இருக்கும், வெளிப்பக்கம் அச்சுக்குத் தாங்கல் இல்லை. சுமையோடு தினமும் குழியில் இறங்கி ஏறினால் அச்சு வளையும், உடையும். பல்சக்கரத் தொகுதியைச் செருகி மாட்டும் கேசட் ஹப்பில் பேரிங் ஓரத்திலேயே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. கடைக்காரரிடம் 'ஃப்ரீவீலா, கேசட்டா' என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். பட்ஜெட்டை நீட்ட முடியுமானால் நான் நீட்டச் சொல்வது இந்த ஒரு இடத்தில்தான்.

டிஸ்க் பிரேக் இல்லாமல் வாங்கலாமா?

வாங்கலாம். சக்கர வளையத்தையே அமுக்கிப் பிடிக்கும் நல்ல ரிம் பிரேக், நல்ல பிரேக் கட்டை போட்டால், காய்ந்த சாலையில் டயர் தாங்கும் அளவுக்கு நிற்கும். மழையில்தான் சங்கடம்: முதல் ஒன்றிரண்டு சுற்று ரிம்மில் இருக்கும் தண்ணீரைத் துடைப்பதிலேயே போய்விடும், பிறகுதான் பிடிக்கும். சேறும் மணலும் கட்டையில் ஒட்டி ரிம்மைச் சுரண்டும், மழையில் நிறைய ஓட்டினால் ரிம்மே தேய்ந்து மாற்ற வேண்டி வரும். டிஸ்க்கில் தேய்வது வட்டும் பேடும் மட்டும்.

குறைந்த விலையில் வருவது கேபிள் இழுக்கும் டிஸ்க். அதில் பலவற்றில் ஒரு பக்கப் பேடுதான் நகரும். உள்பக்கப் பேடு தேயத் தேயக் கையால் திருகி நெருக்க வேண்டும். அதைச் செய்யாமல் 'டிஸ்க் பிடிக்கவே இல்லை' என்று குறை சொல்பவர்கள் நிறைய. இரண்டு பக்கமும் நகரும் வகை கிடைத்தால் நல்லது. கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிடைத்தால் ரொம்ப நல்லது, ஆனால் வளைந்த ஹேண்டிலுக்கான ஹைட்ராலிக் லீவர் விலை அதிகம் என்பதால் இந்த விலையில் அரிது. டிஸ்க் பிரேமில் பொதுவாக டயருக்கு இடமும் அதிகம், அதற்காகவே நான் டிஸ்க் பக்கம் சாய்வேன்.

என் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெறும் உயரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு முதுகு நீளம். செருப்பில்லாமல் சுவரோடு முதுகை ஒட்டி நில்லுங்கள், ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு இடையே மேலே இறுக்கிப் பிடியுங்கள், அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். இந்த அளவை 0.883-ஆல் பெருக்கினால் பெடல் நடு அச்சிலிருந்து சீட் மேல்வரை இருக்க வேண்டிய உயரம் ஏறத்தாழ வரும். 80 சென்டிமீட்டர் என்றால் 70.6. இது தொடக்கப் புள்ளிதான். ஓட்டிப் பார்த்து அரை சென்டிமீட்டராக ஏற்றி இறக்குங்கள். இடுப்பு இருபுறமும் ஆடினால் சீட் உயரம் அதிகம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு.

சீட் உயரத்தை எந்தப் பிரேமிலும் ஓரளவு சரிசெய்துவிடலாம். ஹேண்டில் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதில்தான் பிரேம் அளவு தீர்மானமாகும். கம்பெனிகள் தரும் அட்டவணையில் ஸ்டாக், ரீச் என்று இரண்டு எண் இருக்கும். ஸ்டாக் என்பது பெடல் அச்சிலிருந்து ஹேண்டில் குழாய் உச்சிவரை செங்குத்து உயரம், ரீச் என்பது கிடைமட்டத் தூரம். தினசரிப் பயணத்துக்கு ஸ்டாக் அதிகமாகவும் ரீச் குறைவாகவும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பிரேக் லீவரின் மேல் கை வைத்து, முழங்கை லேசாக மடங்கி, தோள் காதுவரை ஏறாமல் உட்கார முடிந்தால் சரி. இரண்டு அளவுக்கு நடுவே தவித்தால் சின்னதை எடுங்கள். ஹேண்டிலைப் பிரேமோடு இணைக்கும் ஸ்டெம்மை மாற்றி நீட்டலாம். பெரியதைக் குறுக்குவதற்கு எல்லை உண்டு.

தள்ளுபடியில் கிடைக்கிறது என்பதற்காகத் தவறான அளவை வாங்காதீர்கள். எத்தனை பேர் சொல்லியும் இதை யாரும் கேட்பதில்லை.

சீட் வலிக்கிறது. ஜெல் கவர் போடலாமா?

வேண்டாம். மெத்தை அதிகமானால் எலும்பு அமிழ்ந்து நடுப்பகுதி அழுந்தும், வலி இடம் மாறும், அவ்வளவுதான். சீட்டின் அகலம்தான் சங்கதி. நெளி அட்டை ஒன்றைக் கெட்டியான நாற்காலியில் போட்டு உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி விழும். அவற்றின் நடுவிலிருந்து நடுவரை அளந்து சுமார் 2 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த அகலத்தில் சீட் தேடுங்கள். முதல் இரண்டு வாரம் எந்தச் சீட்டும் வலிக்கத்தான் செய்யும்.

பழைய சைக்கிள் வாங்கலாமா? எதைப் பார்ப்பது?

கட்டாயம் யோசிக்கலாம். ஆசையாக வாங்கி, ஒரு மழைக்காலத்துக்குள் மூலையில் சாய்த்துவிட்ட ரோடு சைக்கிள்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. புதிதில் எட்டாத தரம் பழையதில் எட்டும். பகல் வெளிச்சத்தில் போங்கள், ஒரு துணி எடுத்துப் போங்கள்.

முதலில் பெடல் அச்சுக்கூட்டின் அடியில் வரிசை எண் இருக்கிறதா பாருங்கள். சுரண்டியிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். திருட்டு வண்டி மலிவாகத்தான் வரும். அப்புறம் துணியால் துடைத்துவிட்டு ஹேண்டில் குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தைக் கூர்ந்து பாருங்கள். பெயின்ட் சுருங்கி அலை போலக் கிடந்தால் முன்னால் மோதிய வண்டி. மயிரிழைக் கோடு தெரிந்தால் விரிசல். கார்பன் ஃபோர்க் என்றால் சக்கரத்தைக் கழற்றச் சொல்லி ஃபோர்க் கால்களின் உட்புறமும் பாருங்கள்.

சீட் போல்ட்டைத் தளர்த்திச் சீட் கம்பியை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். இதை யாரும் செய்வதில்லை. வியர்வையும் மழையும் இறங்கி அலுமினியக் கம்பி பிரேமுக்குள் இறுகிப்போயிருந்தால், அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த வண்டி உங்களுக்கு உதவாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஹேண்டில் கழுத்தில் டக் டக்கென்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் தளர்வு, சரிசெய்துவிடலாம். பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், அங்கே ஆட்டம் இருந்தால் மாற்றும் செலவைப் பேரத்தில் கழியுங்கள். ரிம் பிரேக் வண்டியில் ரிம்மின் பக்கச் சுவரை விரலால் தடவுங்கள். உள்வாங்கிக் குழிந்திருந்தால் சக்கரம் ஆயுளை முடித்துவிட்டது.

செயினை ஸ்கேலால் அளக்கலாம். புதுச் செயினில் ஒரு ஊசியின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி இருக்கும் ஊசியின் நடுவரை சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டிருந்தால் செயின் மாற்றும் நேரம். 3 மில்லிமீட்டர் நீண்டிருந்தால் கேசட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், புதுச் செயின் தேய்ந்த பல்லில் வழுக்கும். இந்த ஒரு அளவை வைத்தே விலையைக் கணிசமாகக் குறைக்கலாம்.

மொத்தப் பணத்தையும் சைக்கிளிலேயே போடலாமா?

கூடாது. நான்கில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வையுங்கள். பூட்டு, முன் பின் விளக்கு, ஹெல்மெட், மட்கார்ட், கேரியர், பை, கைப் பம்ப், மாற்று டியூப், டயர் நெம்பும் பிளாஸ்டிக் லீவர், அலன் கீ செட் என்று பட்டியல் நீளம். இதில் பூட்டிலும் பின் விளக்கிலும் சிக்கனம் வேண்டாம். யூ வடிவப் பூட்டு பின் சக்கரத்தையும் பிரேமையும் சேர்த்து அசையாத கம்பியோடு பூட்ட வேண்டும். சக்கரத்தில் கையால் திறக்கும் லீவர் இருந்தால் அலன் கீயால் திறக்கும் அச்சுக்கு மாற்றிவிடுங்கள், செலவு சொற்பம். பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்த டயருக்கும் இதிலிருந்தே பணம் எடுக்கலாம். மலிவு சைக்கிளோடு வரும் டயர்தான் பொதுவாக அதன் மோசமான பாகம்.

வருஷத்துக்குப் பராமரிப்பு எவ்வளவு ஆகும்?

ஒருவழி 20 கிலோமீட்டர், வாரம் ஐந்து நாள் என்றால் வாரத்துக்கு 200. விடுமுறைகளைக் கழித்தாலும் வருஷத்துக்கு 9,000 கிலோமீட்டருக்குப் பக்கம். செயின் 3,000 முதல் 5,000 வரை உழைக்கும், தூசியைப் பொறுத்து. பின் டயர் அதற்குக் கொஞ்சம் மேல். ஆக வருஷத்துக்கு இரண்டு மூன்று செயின், இரண்டு பின் டயர், ஒரு முன் டயர், பிரேக் கட்டைகள், கேபிள். 8 கியர் செயினுக்கும் 12 கியர் செயினுக்கும் உள்ள விலை வித்தியாசம் இங்கேதான் உறைக்கும். மலிவான கியர் வரிசையை நான் பரிந்துரைப்பதற்கு இதுதான் நிஜக் காரணம், வாங்கும் விலை அல்ல.

செயினுக்கு எண்ணெய் போட்ட பிறகு வெளியே இருப்பதைத் துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே ஊசியில்தான் இருக்க வேண்டும். வெளியே மினுமினுவென்று இருந்தால் மண்ணைச் சேர்த்து அரைக்கும்.

கிளிப் பெடல், சைக்கிள் உடை எல்லாம் வேண்டுமா?

ஷூவைப் பூட்டிப் பிடிக்கும் கிளிப் பெடல் வேண்டாம், அகலமான சாதாப் பெடல் போதும். பேட் வைத்த ஷார்ட்ஸ் ஒன்று இருந்தால் ஒரு மணி நேரப் பயணத்தில் நன்றாக இருக்கும். வேலை உடையைப் பையில் மடித்து எடுத்துப் போய் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

வழியில் பஞ்சர் ஆனால் வேலைக்குத் தாமதமாகிவிடுமே?

மாற்று டியூப் இருந்தால் கால் மணி நேரம். ஓட்டை அடைப்பதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். பின் சக்கரம் என்றால் கழற்றும் முன் செயினை மிகச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள். டியூபை உருவியதும் உடனே புதியதை நுழைக்காதீர்கள். பழைய டியூபில் காற்றடித்து ஓட்டை எங்கே என்று பாருங்கள், வால்விலிருந்து அதே தூரத்தில் டயரைத் தேடினால் குத்தியது இருக்கும். பெரும்பாலும் லாரி டயரிலிருந்து உதிர்ந்த மெல்லிய கம்பித் துணுக்கு. வெளியே தெரியாது, உள்ளே ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். துணியால் டயரின் உட்புறத்தைத் தடவினால் நூல் மாட்டும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அடுத்த கிலோமீட்டரில் இரண்டாவது பஞ்சர். அடுத்தடுத்து இரண்டு சின்ன ஓட்டை ஜோடியாக இருந்தால் எதுவும் குத்தவில்லை, காற்று குறைவாக வைத்துக் குழியில் இறக்கியிருக்கிறீர்கள்.

திரும்ப மாட்டும்போது கடைசிப் பகுதி ஏறாமல் முரண்டு பிடிக்கும். லீவரை வைத்து நெம்பினால் புது டியூபைக் கடித்துவிடும். ஏற்கெனவே ஏறிய பகுதியைச் சுற்றிலும் கிள்ளி ரிம்மின் நடுப்பள்ளத்தில் தள்ளுங்கள். டயர் தளர்ந்து கட்டை விரலாலேயே ஏறிவிடும். வால்வு இருக்கும் இடத்தில் முடிக்க வேண்டும், அங்கே தொடங்கக் கூடாது. இதை ஒரு விடுமுறை நாளில் வீட்டில் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

மின் உதவி சைக்கிள் யோசிக்கலாமா?

ஏற்றம் அதிகம், உடல்நிலை இடம் கொடுக்கவில்லை என்றால் தாராளமாக. ஆனால் ரோடு சைக்கிளின் விலையில் நல்ல மின் சைக்கிள் கிடைக்காது, பேட்டரி தீர்ந்தால் அந்தக் கனத்தை மிதித்து வர வேண்டும், பேட்டரிக்கு ஆயுளும் உண்டு. வேறு கணக்கு அது.

வாங்கி ஒரு மாதம் ஆகிறது. கியர் தடுமாறுகிறது, சக்கரத்தில் கிணுகிணு சத்தம். ஏமாந்துவிட்டேனா?

இல்லை. புதுக் கேபிளின் வெளியுறை அமிழ்ந்து இழுவை தளரும், புதுச் சக்கரத்தின் கம்பிகள் உட்கார்ந்து இறுக்கம் மாறும். எல்லாப் புது வண்டிக்கும் வருவதுதான். பின்னால் செயினைப் பல் மாற்றும் பாகத்தில் கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் திருகை அரைச் சுற்று வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள், பெரிய பல்லுக்கு ஏறத் தயங்குவது சரியாகிவிடும். கம்பியை நீங்களே திருகாதீர்கள். கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்து, இறுக்கம் சமன் செய்யச் சொல்லுங்கள். கேரியர் போல்ட், ஸ்டெம் போல்ட், பெடல் தண்டு போல்ட் மூன்றையும் அதே நாளில் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் சர்வீஸ் பல கடைகளில் இலவசம். கேட்காவிட்டால் யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.